பழைய லேப்டாப் எங்கே காத்திருக்கிறது?

திறன் குறைந்த பழைய லேப்டாப்பை மறுபடியும் வேலைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதே இந்த உரையின் பொருள்.

மெதுவாக ஓடும் லேப்டாப்பில் எல்லாப் பாகங்களும் ஒரே நேரத்தில் சோர்ந்துவிடுவதில்லை. ஏதோ ஒரு பாகம் பின்தங்குகிறது. மற்றவை அதற்காகக் காத்திருக்கின்றன. தறியில் நெசவாளர் தயாராக உட்கார்ந்திருக்கிறார், ஊடைநூல் சுற்றிய தார் மட்டும் வந்து சேரவில்லை என்றால் துணி நகருமா? தறியை மாற்றினால் நகருமா? நெசவாளரை மாற்றினால் நகருமா? தார் வந்தால்தான் நகரும். கணினியிலும் எந்தப் பாகம் மற்றவற்றைக் காக்கவைக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். தெரிந்துகொண்டு செலவழித்தால் செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்கும். தெரியாமல் செலவழித்தால் பணமும் போகும், நாளும் போகும், லேப்டாப் இருந்தபடியே இருக்கும்.

இந்தப் பொருளுக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அந்தத் திட்டத்தின் வழியே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் போய்ச் சேர்ந்தன. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் ரேம் 2 ஜிபி, ஹார்டு டிஸ்க் 320 ஜிபி. விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் அவற்றில் போட்டுக் கொடுக்கப்பட்டது. அக்காவுக்குக் கிடைத்தது தம்பிக்குப் போனது. தம்பி வேலைக்குப் போனதும் பரணுக்குப் போனது. இன்று எத்தனை வீட்டுப் பரணில், எத்தனை பீரோவின் அடித்தட்டில் அந்தக் கறுப்புப் பைகள் கிடக்கின்றன!

அரசு லேப்டாப்புக்கும் முந்தைய வகை ஒன்று உண்டு. தைவானின் ஆசுஸ் நிறுவனம் 2007இல் ஈ பிசி 701 என்ற குட்டி லேப்டாப்பை வெளியிட்டது. 7 அங்குலத் திரை, 512 எம்பி ரேம், 4 ஜிபி சேமிப்பு. அடுத்த ஆண்டே இன்டெல்லின் ஆட்டம் என்270 சிப் வந்தது. அதன் மின்தேவை சுமார் இரண்டரை வாட்தான். நெட்புக் என்ற பெயரில் பல நிறுவனங்கள் களத்தில் இறங்கின. விலை குறைந்தது, எடை குறைந்தது, கூடவே வேகமும் குறைந்தது. பின்னர் 2014 வாக்கில், 32 ஜிபி சேமிப்பைப் போர்டிலேயே சால்டர் செய்துவிட்ட மலிவு லேப்டாப்கள் வந்தன. இவை அத்தனையும் இன்று ஒரே வரிசையில் நிற்கின்றன. ஆன் ஆகும், ஆனால் வேலை ஆகாது.

வாங்கிய அன்று ஓடிய லேப்டாப் இன்று ஏன் ஓடவில்லை? சிப் தேய்ந்துவிட்டதா? சிப் அப்படித் தேய்வதில்லை. அன்று ஒரு நொடியில் எத்தனை கணக்குப் போட்டதோ, இன்றும் அத்தனை கணக்கைப் போடும். மாறியவை வேறு. 1995இல் சுவிட்சர்லாந்துக் கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த், பாஸ்கல் மொழியை உருவாக்கியவர், ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருள் வேகம் பெறுவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிறது என்பது அதன் சாரம். அந்தச் சாரத்தை அன்றாடம் மெய்ப்பிப்பவை இன்றைய இணையப் பக்கங்கள். மென்பொருள் கனத்தது, இணையப் பக்கம் கனத்தது. ஃபேனில் தூசி படிந்தது, ஹார்டு டிஸ்க் கிழடானது. இந்த நான்கில் எது ஒரு லேப்டாப்பைப் பிடித்து வைத்திருக்கிறது?

அதைக் கண்டுபிடிப்பது முதல் வேலை. விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எப்போது திறந்து பார்க்க வேண்டும்? லேப்டாப் சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. ஆன் செய்து, டெஸ்க்டாப் வந்து, ஒரு ஐகானைத் தட்டியும் எதுவும் திறக்காமல் நீல வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறதே, அந்த நேரத்தில் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான பழைய லேப்டாப்களில் அப்போது தெரியும் காட்சி இது. சிபியு 20 சதவீதம். மெமரி 80 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் டிஸ்க்கைத் தொட்டால், படிக்கும் வேகம் நொடிக்கு 1 எம்பி, 2 எம்பி என்று ஊசலாடும். நூற்றுக்கு நூறு உழைப்பு, நொடிக்கு 2 எம்பி விளைச்சல்! இது எப்படி?

ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது. லேப்டாப் டிஸ்க்குகளில் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 5400 சுற்று. கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. தேவையான தகவல் தலைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி நொடி ஆகும். தலை சரியான தடத்துக்கு நகர மேலும் 12 மில்லி நொடி போல் ஆகும். ஆக ஒரு சிறு துண்டை எடுக்க 17, 18 மில்லி நொடி. நொடிக்குக் கிடைப்பது 55, 60 துண்டு. ஒரு துண்டு 4 கேபி என்றால் மொத்தம் கால் எம்பி. 32 கேபி என்றாலும் 2 எம்பியைத் தாண்டாது. விண்டோஸ் தொடங்கும்போது படிப்பது ஆயிரக்கணக்கான சிறு சிறு கோப்புகளை. அவை தட்டின் எந்தெந்த மூலையிலோ கிடக்கின்றன. சிப் காத்திருக்கிறது, ரேம் காத்திருக்கிறது, பயனரும் காத்திருக்கிறார்.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தும் எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டு கிடையாது, நகரும் தலை கிடையாது. ஒரு துண்டை எடுக்க ஒரு மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்! இரண்டு மூன்று நிமிடம் இழுத்துக்கொண்டிருந்த லேப்டாப், எஸ்எஸ்டி போட்ட பிறகு அரை நிமிடத்துக்குள் எழுந்து நிற்பது இதனால்தான். சிப்பை யாரும் தொடவில்லை. அதன் காத்திருப்பு மட்டும் ஒழிந்தது.

ஆனால் டாஸ்க் மேனேஜர் வேறு விதமாகக் காட்டினால்? மெமரி 90 சதவீதத்துக்கு மேல் ஏறி அங்கேயே நின்றால், பஞ்சம் ரேமில். சிபியு 100 சதவீதத்தில் நின்றால், எந்த நிரல் அதைத் தின்கிறது என்று பட்டியலிலேயே பார்க்கலாம். பின்னணியில் அப்டேட்டோ வைரஸ் ஸ்கேனோ ஓடிக்கொண்டிருக்கும். சிபியுவின் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸ் போன்ற அடிமட்டத்தில் சிக்கி ஏறவே மறுத்தால், சூடோ சார்ஜரோ காரணம். ஆக ஒரே திரையில் நான்கு விடைகளில் ஒன்று கிடைத்துவிடுகிறது. ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும் என்று எடுத்த எடுப்பில் சொல்வது இந்தக் கேள்வியையே கேட்காமல் விடுவது.

காரணம் தெரிந்துவிட்டது. உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்கலாமா? கூடாது. முதலில் டேட்டாவைக் காப்பாற்ற வேண்டும். பரணிலிருந்து இறங்கும் லேப்டாப்பில் கல்லூரி புராஜெக்ட் இருக்கும், சான்றிதழ்களின் ஸ்கேன் இருக்கும், இப்போது உயிரோடு இல்லாத தாத்தாவின் படம் இருக்கும். பத்தாண்டு பழைய ஹார்டு டிஸ்க் எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரல் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். அதில் 05 என்ற வரியும் சி5 என்ற வரியும் முக்கியம். முதலாவது, பழுதாகி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. இரண்டாவது, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் பகுதிகளின் எண்ணிக்கை. இரண்டும் பூஜ்யமாக இருந்தால் நல்லது. எண் ஏறிக்கொண்டே போனால், அந்த டிஸ்க்கில் ஸ்கேன், டிஃப்ராக் என்று எதையும் ஓட்டக் கூடாது. தேவையான கோப்புகளை மட்டும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட்டு அதற்கு ஓய்வு கொடுப்பதே முறை.

டேட்டா பத்திரமாகிவிட்டது. இனி எஸ்எஸ்டி. பழைய லேப்டாப்களில் பொருந்துவது இரண்டரை அங்குல சாட்டா வகை. பழைய ஹார்டு டிஸ்க்கின் தடிமன் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர், எஸ்எஸ்டியின் தடிமன் 7. இடைவெளியை நிரப்ப மெல்லிய பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் ஆடாமல் நிற்கும். பழைய சாட்டா 2 இணைப்பு உள்ள போர்டாக இருந்தால் எஸ்எஸ்டியின் முழு வேகம் வராதே என்ற கவலை எழும். நொடிக்கு 550 எம்பிக்குப் பதில் 280 எம்பிக்குள் அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் இங்கே தேவைப்படுவது தொடர்ச்சியாக அள்ளும் வேகத்தைவிடச் சிறு துண்டுகளைச் சட்டென்று எடுக்கும் வேகம். அது சாட்டா 2இலும் கிடைக்கும். 120 அல்லது 240 ஜிபி அளவு பெரும்பாலோருக்குப் போதும். பழைய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதையும் வீணாக்க வேண்டாம். டிவிடி டிரைவைக் கழற்றி, அதே அளவுள்ள கேடி என்ற சட்டத்தில் பழைய டிஸ்க்கைப் பொருத்தினால் பாட்டு, படம் வைக்க இடம் கிடைக்கும்.

மாட்டும் முறை எளிது. லேப்டாப்பை முழுதாக அணைக்க வேண்டும். சார்ஜரைப் பிடுங்க வேண்டும். பேட்டரியைக் கழற்ற வேண்டும். உள்ளே இருக்கும் பேட்டரி என்றால் அதன் கனெக்டரை விடுவிக்க வேண்டும். ஸ்க்ரூக்கள் வெவ்வேறு நீளத்தில் இருக்கும். எது எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் கீழ்ப்பக்கத்தின் படத்தை வரைந்து, அதன் மேலேயே செருகி வைப்பது நல்ல பழக்கம். நீளமான ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் துளையில் திருகினால் மேல்பக்கம் கீபோர்டுக்கு அருகே புடைத்துக்கொண்டு வரும், சில நேரம் போர்டையே குத்தும். சேமிப்பைப் போர்டில் சால்டர் செய்த 32 ஜிபி லேப்டாப்களில் மட்டும் இந்த வழி அடைபட்டிருக்கிறது. அவற்றுக்கு மிஞ்சியிருப்பது மெலிந்த இயங்குதளம் ஒன்றுதான்.

அடுத்தது ரேம். ரேம் போதாதபோது கணினி என்ன செய்கிறது? கொள்ளாததை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கிறது, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. டிஸ்க் ஏற்கெனவே மெதுவானது என்றால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் டிஸ்க்கும் மெமரியும் சேர்ந்தே சிவப்பாகத் தெரிவது உண்டு. ரேமில் தலைமுறைகள் உண்டு. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது. லேப்டாப் டிடிஆர்2வுக்கு 200 பின், டிடிஆர்3க்கு 204, டிடிஆர்4க்கு 260. டிடிஆர்3இலேயே இரண்டு வகை: 1.5 வோல்ட்டில் ஓடுவது ஒன்று, 1.35 வோல்ட்டில் ஓடும் எல் வகை இன்னொன்று. குறைந்த வோல்ட் மட்டுமே கொடுக்கும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் ஆன் ஆகாமலே போகலாம். எனவே கடைக்குப் போகும்போது பழைய ரேமைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவது மேல். சென்னை ரிச்சி தெருவானாலும் சரி, உள்ளூர் சர்வீஸ் கடையானாலும் சரி, அதன் ஸ்டிக்கரைப் பார்த்ததும் கடைக்காரர் சரியான ஜோடியை எடுத்துக்கொடுப்பார்.

எவ்வளவு ரேம் வேண்டும்? 2 ஜிபி என்றால் இணையம் திணறும். 4 ஜிபி என்றால் கவனமாக ஓட்டலாம். 8 ஜிபி என்றால் கவலை இல்லை. ஆனால் போர்டு ஏற்கும் உச்ச வரம்பை முன்பே பார்த்துவிட வேண்டும். 2010இல் வந்த ஆட்டம் என்450 சிப் 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. 32-பிட் விண்டோஸ் போட்டிருந்தால், 4 ஜிபி போட்டாலும் மூன்றேகால் ஜிபி போலத்தான் கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாவது, சூடு. சிப் 95, 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். பயனருக்கு அது தெரிவது எப்படி? முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடும், பிறகு இழுக்கும். ஃபேன் இரையும், ஆனால் பக்கத்துத் துளையில் கை வைத்தால் காற்று வராது. கழற்றிப் பார்த்தால் ஃபேனுக்கும் செம்புக் குழாயின் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துணி போலத் தடித்துக் கிடக்கும். அதை விரலாலேயே உரித்து எடுக்கலாம். மீதித் தூசியை ஊதும்போது ஃபேன் இறக்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். சிப்பின் மேல் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து உதிர்ந்திருந்தால், துடைத்துவிட்டுப் பட்டாணி அளவுக்கும் குறைவாகப் புதிதாக வைத்தால் போதும்.

சார்ஜரும் சில நேரம் குற்றவாளி. சில லேப்டாப்கள் தமக்குரிய சார்ஜரை அடையாளம் காணாவிட்டால் பேட்டரியை ஏற்றாது, சிப்பையும் அடிமட்ட வேகத்தில் பூட்டிவிடும். சந்தையில் கிடைக்கும் மலிவு சார்ஜர் மாட்டிய நாளிலிருந்து லேப்டாப் மந்தமானது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

பேட்டரியில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். லித்தியம்-அயான் பேட்டரி சில நூறு முறை ஏறி இறங்கிய பிறகு கொள்ளளவை இழப்பது இயல்பு. அரை மணி நேரம்கூட நிற்காத பேட்டரியால் ஆபத்து இல்லை. எந்நேரமும் சார்ஜரில் போட்டே ஓட்டலாம். ஆபத்து, உப்பிய பேட்டரி. டச்பேட் ஒரு பக்கம் மேலே எழும்பி நிற்கிறதா? அழுத்தினால் கிளிக் ஆக மறுக்கிறதா? மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறதா? அப்படியானால் அதே நிமிடத்தில் அணைத்து, பேட்டரியை அகற்ற வேண்டும். குத்தவோ, அமுக்கவோ, குப்பையில் போடவோ கூடாது.

இன்னொரு சிறிய பேட்டரியும் உள்ளே இருக்கிறது. அகல்விளக்கின் வாயளவுகூட இல்லாத சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்டம். லேப்டாப் அணைந்திருக்கும்போது தேதியையும் நேரத்தையும் காப்பது அதுதான். பல ஆண்டு பரணில் கிடந்தால் அது செத்துப்போகும். அப்போது நடப்பது வேடிக்கை. லேப்டாப் ஆன் ஆகும், வைஃபை கிடைக்கும், ஆனால் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று மறுக்கும். வைரஸா, பிரவுசர் கோளாறா என்று தேடி அலைபவர்கள் உண்டு. திரையின் வலது ஓரத்தைப் பார்த்தால் தேதி 2009 ஜனவரி 1 என்று இருக்கும்! இணையதளத்தின் பாதுகாப்புச் சான்று தொடங்கும் நாளே அந்த லேப்டாப்புக்கு இன்னும் வரவில்லை, அதனால் மறுக்கிறது. ஒரு காசு பேட்டரியை மாற்றித் தேதியைச் சரி செய்தால் தீர்ந்தது.

உடம்பு தேறியது. இனி இயங்குதளம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்குப் பதிவு செய்து பெறும் பாதுகாப்பு நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11 கேட்பது என்ன? 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத சிப். 2011இல் பிறந்த லேப்டாப்பில் இவை இருக்குமா? தடையைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் அப்படிப் போட்ட லேப்டாப்புக்கு அடுத்த அப்டேட் வருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 4 ஜிபியில் விண்டோஸ் 11 நிம்மதியாக ஓடாது என்பதற்கு உத்தரவாதம் உண்டு.

எனவே வழி லினக்ஸ் பக்கம் திரும்புகிறது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இந்த இயங்குதளத்துக்கு இன்று பல வடிவங்கள். 4 ஜிபி உள்ள லேப்டாப்புக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ வடிவம் பழகிய விண்டோஸ் போலவே இருக்கும்: கீழே பட்டை, இடது மூலையில் மெனு. 2 ஜிபி என்றால் லுபுண்டு. 1 ஜிபி என்றால் ஆன்டிஎக்ஸ். இவை எழுந்து நின்றதும் எடுத்துக்கொள்ளும் ரேம் சில நூறு எம்பிதான். விண்டோஸோ எழும்போதே ஒன்றரை, இரண்டு ஜிபியை விழுங்கிவிடும். பிரவுசர் மட்டுமே போதும் என்பவர்களுக்குக் கூகுளின் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் உண்டு; அதற்கு 4 ஜிபி ரேம் வேண்டும். அரசு லேப்டாப்பில் அன்று வந்த பாஸ் லினக்ஸ் அந்தக் காலப் பதிப்பு. அதை அப்படியே வைத்துக்கொண்டு இணையத்துக்குப் போவது பாதுகாப்பானதல்ல.

லினக்ஸ் ஒத்துவருமா என்று தெரியாமல் எப்படிப் போடுவது? போடாமலேயே பார்க்கலாம், லினக்ஸின் பெரிய வசதி அது. வேறு ஒரு கணினியில் ரூஃபஸ் என்ற நிரலால் 8 ஜிபி பென் டிரைவில் லினக்ஸை எழுத வேண்டும். பழைய லேப்டாப்பில் செருகி, ஆன் செய்யும்போது எஃப்12 அல்லது எஃப்9 விசையைத் தட்டினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தால் ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே லினக்ஸ் ஓடும். வைஃபை பிடிக்கிறதா? ஒலி வருகிறதா? திரையின் வெளிச்சம் கூடிக் குறைகிறதா? மூடித் திறந்தால் விழிக்கிறதா? நான்குக்கும் ஆம் என்றால் நிறுவலாம். வைஃபை மட்டும் பிடிக்கவில்லை என்றால், செல்போனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து டெதரிங் போட்டு, டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

இங்கே ஓர் எல்லைக்கோட்டைச் சொல்லியாக வேண்டும். ஆட்டம் என்270 போன்றவை 32-பிட் சிப்கள். அவற்றுக்கான கதவுகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. குரோம் பிரவுசர் 32-பிட் லினக்ஸை 2016இலேயே கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32-பிட் கணினிக்கான நிறுவல் வடிவம் இல்லை. ஃபயர்ஃபாக்ஸும் அதே ஆண்டு 144ஆம் பதிப்போடு 32-பிட் லினக்ஸிலிருந்து விலகிக்கொண்டது. ஆகவே 32-பிட் நெட்புக்கை இணையத்துக்கென்று உயிர்ப்பிப்பது வீண் முயற்சி. தட்டச்சுக்கும், பாட்டுக்கும், மின்னூலுக்கும் என்று உயிர்ப்பித்தால் அது இன்னும் உதவும்.

லினக்ஸில் ரேம் பற்றாக்குறைக்கு இன்னொரு மருந்து, இசட்ரேம். ரேமின் ஒரு பகுதியிலேயே தகவலைச் சுருக்கி வைக்கும் ஏற்பாடு இது. சுருக்கி விரிக்கச் சிப்புக்குச் சிறிது வேலை கூடும். ஆனால் டிஸ்க்குக்குப் போய் வருவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. பெரும்பாலான தகவல் பாதி அளவுக்கோ அதற்கும் கீழோ சுருங்கும். 2 ஜிபி லேப்டாப் 3 ஜிபி லேப்டாப் போல நடந்துகொள்ளும், ஒரு ரூபாய் செலவில்லாமல்.

விண்டோஸிலேயே தொடர வேண்டிய கட்டாயம் உள்ளவர்களும் உண்டு. கணக்கு மென்பொருள், அலுவலக மென்பொருள் என்று காரணம் இருக்கலாம். அவர்கள் செய்ய வேண்டியவை சில. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையற்றவற்றை நிறுத்த வேண்டும். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்க வேண்டும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும். வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் கிளீனர், பூஸ்டர் நிரல்களைத் தொடாமல் இருக்க வேண்டும். அவை தாமும் பின்னணியில் ஓடிச் சுமையைக் கூட்டுகின்றன.

எல்லாம் சரி செய்த பிறகும் பழைய லேப்டாப் மண்டியிடும் இடம் ஒன்று உண்டு. எது? பிரவுசர். இன்றைய பயன்பாட்டில் முக்கால்வாசி அதற்குள்ளேதான். ஒவ்வொரு டேபும் தனியே ரேம் கேட்கும். விளம்பரங்களும் பின்தொடரும் நிரல்களும் பக்கத்தின் உள்ளடக்கத்தைவிடக் கனமாக இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியைப் போட்டால் அந்தச் சுமை இறங்குவது கண்கூடாகத் தெரியும். நான்கைந்து டேபுக்கு மேல் திறக்காமல் இருப்பது அதைவிட எளிய மருந்து.

யூடியூப் தனிக் கதை. அது வீடியோவைப் பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற புதிய வடிவங்களில் அனுப்புகிறது. பல பழைய சிப்களின் உள்ளே எச்.264 வீடியோவை விரிப்பதற்குத் தனிச் சுற்று உண்டு. புதிய வடிவங்களுக்கு இல்லை. ஆகவே மொத்தச் சிப்பும் அந்த ஒரே வேலையில் மூழ்கிவிடும், ஃபேன் அலறும், படம் வெட்டி வெட்டி ஓடும். எச்264இஃபை என்ற நீட்சி, பழைய வடிவத்திலேயே அனுப்பும்படி யூடியூபைக் கேட்கிறது. அதோடு தரத்தையும் 480பி ஆக்கினால் வீடியோ தடையின்றி ஓடும். பெரும்பாலான பழைய லேப்டாப்களின் திரையே 1366க்கு 768 புள்ளிகள்தான். அதில் 1080பி ஓட்டினால் கூடுதல் புள்ளிகளைக் காட்ட இடமே கிடையாது.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு லினக்ஸ் தயக்கம் தருமா? தேவையில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் வழி வந்த தமிழ்99 விசைப்பலகை லினக்ஸின் அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவர்களுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் வழியே அதுவும் உண்டு. லிப்ரேஆபீஸில் கடிதம், கணக்கு, வினாத்தாள் எல்லாம் ஆகும். சிக்கல் வருவது பழைய கோப்புகளில். வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடக் கூடாது. எழுத்துருமாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக மாற்றிவிட்டால் எந்தக் கணினியிலும் படிக்கலாம்.

இப்படித் தேறிய லேப்டாப் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது? தட்டச்சுக்கு ஆகும். மின்னூலுக்கு ஆகும். பாட வீடியோவுக்கு ஆகும். பைத்தான் கற்க ஆகும். நிரல் எழுதப் பழகும் மாணவருக்கு 2 ஜிபியே ஏராளம். வீட்டுப் படங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேமித்து வைக்கும் பெட்டியாகவும் ஆகும். வீடியோ எடிட்டிங்குக்கு ஆகாது. புதிய விளையாட்டுகளுக்கு ஆகாது. பத்துப் பேர் முகம் காட்டும் காணொளிக் கூட்டத்துக்கு ஆகாது. அதற்குக் கையில் உள்ள செல்போனே மேல்.

எப்போது நிறுத்திக்கொள்வது? போர்டு எரிந்திருந்தால் நிறுத்தலாம். டிஸ்ப்ளே, பேட்டரி, கீபோர்டு மூன்றும் ஒருசேரப் போயிருந்தால் நிறுத்தலாம். பழுதுபார்க்கும் செலவு, கடையில் விற்கும் நல்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பின் விலையில் பாதியைத் தொட்டால் நிறுத்தலாம். அதற்குமுன் நிறுத்துவது விரயம். ஏனென்றால் ஒரு லேப்டாப் தன் ஆயுளில் சூழலுக்குத் தரும் சுமையில் பெரும்பகுதி, அது தொழிற்சாலையில் உருவாகும்போதே ஏற்பட்டுவிடுகிறது. கூடுதலாக ஓடும் ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சுமையைப் பங்கிட்டுக் குறைக்கிறது.

தேறிய லேப்டாப்பை வேறொருவருக்குக் கொடுப்பதானாலும், தேறாததைக் கழிப்பதானாலும், உள்ளிருக்கும் டேட்டாவை அழித்த பிறகே கை மாற்ற வேண்டும். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வது அழிப்பது ஆகாது. ஹார்டு டிஸ்க் என்றால் முழுவதும் ஒருமுறை மேலெழுதும் நிரலை ஓட்ட வேண்டும். எஸ்எஸ்டி என்றால் அதன் செக்யூர் எரேஸ் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். ஓடாத டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். மீதியைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டும். உப்பிய பேட்டரி இருந்தால் அதைத் தனியே பிரித்து, இன்னதென்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.